ஒன்பதரை அக்காவும் புது மாப்பிள்ளையும்

ஒன்பதரை. எண்ணை மனதில் வையுங்கள். மணி அல்ல, விரல். இடது கை ஆள்காட்டி விரல் நடுக்கணுவோடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, வாய் உட்பட.

தகடு வளைக்கும் பிரஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. வலது கை ஒரு தகட்டுத் துண்டை எடுத்து டை என்கிற இரும்பு அச்சுக்குள் வைக்கிறது. இரண்டு கையும் வெளியே வந்து இரண்டு பச்சைப் பொத்தான்களை ஒரே நேரத்தில் அமுக்குகின்றன. மேலே இருக்கும் இரும்பு இறங்கி டக்கென்று ஒரு கடி கடித்துவிட்டு ஏறுகிறது. தட்டையாக உள்ளே போன தகடு ஓரம் சுருண்டு வெளியே வருகிறது. அது கதவுக் கீலின் பாதி. உங்கள் வீட்டுக் கதவு கழன்று விழாமல் நிற்கிறதென்றால் இப்படி ஒரு கை எங்கோ உழைத்திருக்கிறது. நன்றியெல்லாம் வேண்டாம். கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்தாமல் இருங்கள், போதும்.

தொழிற்சாலை லைனில் அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு ஒன்பதரை அக்கா என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டேன். "நானேதான் வெச்சுக்கிட்டேன். அடுத்தவன் வெச்சா அசிங்கமா வெப்பான்" என்றார். மீதி அரை விரல் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு: "நகம் கடிச்சேன், அப்படியே உள்ள போயிருச்சு." ரேகை வைக்கச் சொன்ன வங்கி அதிகாரிக்கு: "அந்த விரலு லீவுல இருக்கு சார், பக்கத்து விரல் வேல பாக்கும்." சம்பந்தி அம்மாவுக்கு: "மோதிரத்த அடகு வெக்கக் கேட்டாங்க, கழலல, விரலோட குடுத்துட்டேன்." அந்த அம்மா இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறார். அக்கா அந்த அரை விரலால் யாரையாவது சுட்டிக்காட்டிப் பேசினால் முழு விரலால் சுட்டுவதைவிட இரண்டு மடங்கு உறைக்கும். சூப்பர்வைசர்கள் பலர் அதை அனுபவித்திருக்கிறார்கள்.

உண்மையில் நடந்தது சின்ன விஷயம். அப்போது பொத்தான் கிடையாது, கால் பெடல்தான். பெடலில் கை பொத்தானுக்குப் போக வேண்டியதில்லை, அதனால் வேகம் கூடும். நாளெல்லாம் கை வைக்க, கால் மிதிக்க, கை எடுக்க என்று ஓட்டினால் கொஞ்ச நாளில் காலுக்குத் தனியாக ஒரு புத்தி முளைத்துவிடும். யாரையும் கேட்காமல் அதுவே தாளம் போட ஆரம்பிக்கும். ஒரு நாள் மேஸ்திரி பின்னால் வந்து நின்று "ஏம்மா" என்றார். அக்கா முகத்தைத் திருப்பினார். கை டைக்குள் நின்றது. கால் நிற்கவில்லை. அவ்வளவுதான். அந்த "ஏம்மா"வுக்குப் பிறகு மேஸ்திரி என்ன சொல்ல வந்தார் என்பது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஆளும் மறந்துவிட்டாராம். "எதாச்சும் முக்கியமான விஷயமா இருந்திருந்தாக்கூட மனசு ஆறும்" என்பார்.

அதற்குப் பிறகுதான் லைனில் ஒரு வழக்கம் வந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம், அதனால் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். பிரஸ்ஸில் இருப்பவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. தோளைத் தொடக் கூடாது. சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும். அவர் கையை எடுத்து மடியில் வைக்கிற வரை வாயைத் திறக்கக் கூடாது. முதலாளியே வந்தாலும் நிற்க வேண்டும். எங்காவது யாராவது கத்தினால், காரணம் கேட்காமல் லைன் முழுக்கக் கையை எடுத்துவிட வேண்டும். முதலில் கை, பிறகு காது.

பிரஸ்களுக்கும் அக்காதான் பெயர் வைத்திருக்கிறார். அவர் ஓட்டுவது மாமனார். பழசு, சத்தம் அதிகம், எண்ணெய் ஒழுகும், காலையில் நாலு தட்டு தட்டினால்தான் எழுந்திருக்கும். பக்கத்தில் இருப்பது புது மாப்பிள்ளை. பளபளவென்று இருக்கும், பறக்கும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். "மாமனார் நம்மள நம்பி இருக்காரு. மாப்பிள்ளைய நாம நம்பி இருக்கோம். அதான் வித்தியாசம்."

வீட்டில் கணவர் தையல்காரர். பெடல் மிதிக்கிற தையல் மெஷின். அந்தச் சத்தம் கேட்டால் அக்காவின் வலது கால் தரையில் தானாகத் தாளம் போடும், இடது கை மூடிக்கொள்ளும். அதனால் அக்கா ஷிஃப்டில் இருக்கும்போது மட்டும் அவர் தைப்பார். அக்கா செருப்பைக் கழற்றும் நேரத்தில் அவர் கையால் பட்டன் தைத்துக்கொண்டிருப்பார். இருபது வருடமாக இது நடக்கிறது. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வேறு எல்லாவற்றைப் பற்றியும் சண்டை போட்டிருக்கிறார்கள்.

எங்கள் தொழிற்சங்கத்தில் அக்கா சேரவில்லை. நான் கேட்டில் நின்று நோட்டீஸ் கொடுத்த காலத்தில் எனக்கு "நோட்டீசு" என்றே பெயர் வைத்திருந்தார். "இன்னிக்கு என்ன நோட்டீசு, யாரு ஒழிக?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய் டையைத் துடைப்பார். தாள் நன்றாக எண்ணெய் குடிக்கிறது என்று பாராட்டும் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஆளைப் பற்றி நான் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

புது மாப்பிள்ளையை ஓட்டுவது அக்காவின் தம்பி மனைவி. அக்காதான் சொல்லி உள்ளே சேர்த்துவிட்டார். தம்பி வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள், இரண்டு பிள்ளைகள், இவள் சம்பாத்தியத்தில்தான் அந்த வீடு நிற்கிறது. அவள் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. சோதனைக் காலம். அக்காவும் அவளும் ஒரே கட்டிடத்தில் மேல் வீடு, கீழ் வீடு. பிரஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். ஆனால் மாதக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி மனைவி அக்காவைக் கேட்காமல் தவணையில் வாஷிங் மெஷின் வாங்கிவிட்டாள், அதுதான் குற்றம். அதுகூடப் பரவாயில்லை, "நீங்களும் வேணும்னா உங்க துணியக் குடுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டாள். அது எப்படி அவமானம் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவிடம் கேட்டேன். "உங்களுக்கு எப்படிப் புரியும், உங்க துணிய யாரு தொவைக்கிறா" என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை.

பேச்சு இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும். அக்கா பிரஸ்ஸிடம் சொல்வார்.

"மாப்பிள்ளை, உன் பக்கத்துல எண்ணெ கொட்டிக் கெடக்கு. வழுக்கி விழுந்தா என் தம்பிதான் தூக்கணும்."

அந்தப் பக்கமிருந்தும் பதில் வரும். "மாமனாருக்கு வயசாயிருச்சு. தன் பக்கத்துல ஒழுகுறத மொதல்ல பாக்கச் சொல்லுங்க."

லைனில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். கையை எடுத்துவிட்டுத்தான்.

இனி அந்த ஒரு நாள். நான் அங்கே இல்லை. லைனில் இருந்த நான்கு பேரைத் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டேன். நான்கும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எழுதுகிறேன், ஓர் இடம் தவிர.

தம்பி மனைவிக்குச் சோதனைக் காலத்தின் கடைசி நாள். அவசர ஆர்டர் ஒன்று வந்திருந்தது. சூப்பர்வைசருக்கு லைனில் டார்கெட் என்று பெயர், வேறு பேச்சு வராது என்பதால். அவர் முந்தின நாளே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: சாப்பாட்டு மணிக்குள் ஆயிரம் கீல் இறக்கினால் நிரந்தரப் பட்டியலில் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. பொத்தானை அமுக்கி ஓட்டினால் நல்ல கைக்கு அந்த நேரத்தில் அறுநூறு வரும். அக்கா மாதிரி ஆளுக்கு எழுநூறு. ஆயிரம் வராது. அதற்கும் டார்கெட்டிடம் வழி இருந்தது. எலக்ட்ரீசியனை வைத்துப் புது மாப்பிள்ளையின் பொத்தான்களைக் கழற்றிவிட்டு ஒரு கால் பெடலை மாட்டிவிட்டார். அவளும் சரி என்றாள். அவளைக் குறை சொல்பவர்கள் அவள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

காலையில் லைன் ஓட ஆரம்பித்தது. அக்கா முதலில் பார்க்கவில்லை, கேட்டார். பொத்தான் அமுக்கி ஓட்டுகிற பிரஸ்ஸுக்கு ஒரு மூச்சு உண்டு. டக், ஒரு நிறுத்தம், டக். பக்கத்திலிருந்து வந்த சத்தத்தில் நிறுத்தம் இல்லை. டக்டக்டக்கென்று ஓடியது. மேசைக்கு அடியில் அக்காவின் வலது கால் அதோடு சேர்ந்து ஆட ஆரம்பித்திருந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஷிஃப்ட் நடுவில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் புது மாப்பிள்ளைக்கு முன்னால், தம்பி மனைவியின் கண்ணில் படுகிற இடத்தில் நின்றார். வழக்கம் அதுதான். அவள் கையை எடுக்கிற வரை பேசக் கூடாது.

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை எடுக்கவில்லை. பேச்சு வார்த்தை இல்லாத நாத்தனாருக்கு எதற்குக் கையை எடுப்பது. தகடு, மிதி, தகடு, மிதி. அக்கா நின்றார். கத்தினால் அவள் திரும்புவாள், திரும்பினால் என்ன ஆகும் என்று அந்தத் தொழிற்சாலையில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. மெயின் சுவிட்சை அணைத்தாலும் பயனில்லை. பிரஸ்ஸின் பக்கத்தில் இருக்கும் பெரிய சக்கரம் கரண்டு போன பிறகும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், இன்னும் ஒரு கடி கடிக்க அதனிடம் பலம் மிச்சம் இருக்கும். அக்கா அவள் காலைப் பார்த்தார். கால் கைக்கு ஒரு மயிரிழை முன்னால் போக ஆரம்பித்திருந்தது.

அவர் குனிந்து, அவள் பக்கத்தில் இருந்த தகட்டுத் துண்டுப் பெட்டியை இரண்டு கையாலும் இழுத்தார். ஆண்பிள்ளை இரண்டு பேர் தூக்குகிற கனம். சிமெண்ட் தரையில் கிரீச்சென்று இழுத்து நாலடி தள்ளிக் கொண்டுபோய் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவள் கை அடுத்த தகட்டுக்கு நீண்டது. காற்றுதான் கிடைத்தது. கை வெளியே நின்றது, கால் பெடலை விட்டது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"எந்திரிங்க அண்ணி."

"அட, பேச்சு வந்திருச்சே. நாக்க வாஷிங் மெஷின்ல போட்டு அலசிட்டியா?"

"வெளையாடாதீங்க. மத்தியானத்துக்குள்ள எனக்கு ஆயிரம் ஆகணும்."

"ஆகட்டும். பட்டன்ல ஆகட்டும்."

"பட்டன்ல ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும். பேரு வரலன்னா உங்க தம்பிய நீங்க ஒக்கார வெச்சுச் சோறு போடுவீங்களா?"

"அவனுக்கு நான் எதுக்குப் போடணும். அவனுக்குச் சோறு போடுற கையத்தான் இப்ப பாத்துக்கிட்டு இருக்கேன். முழுசா இருக்கா, கொறையுதான்னு."

அவள் கண் கலங்கிவிட்டதாக மூன்று பேர் சொன்னார்கள். நான்காவது ஆள் அது கோபம் என்றார். இரண்டும் இருந்திருக்கும்.

இந்த நேரத்தில் டார்கெட் வந்தார். வந்த வேகத்தில் லைனுக்குப் பின்னால் நின்று, "இங்க என்ன நடக்குது?" என்று ஒரு சத்தம் போட்டார். கத்தல் கேட்டதும் லைன் முழுக்க எல்லோரும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். மற்ற பதினொரு பிரஸ்ஸும் ஒரே மூச்சில் நின்றன. முப்பது வருடம் நான் தொண்டை கிழியக் கத்தி நிறுத்த முடியாத லைனை அந்த மனிதர் மூன்று வார்த்தையில் நிறுத்திவிட்டார். நிறுத்தியது அக்கா என்று பிறகு மேலிடத்தில் புகார் சொன்னார். இல்லை. அவருடைய தொண்டைதான்.

"லைன ஓட்டுங்க. யாரு நிறுத்தச் சொன்னது?"

"நீங்கதான் சார் கத்துனீங்க" என்றது கடைசி பிரஸ்ஸிலிருந்து ஒரு குரல்.

டார்கெட் அக்காவிடம் வந்தார். "பெட்டிய விட்டு எந்திரிங்க."

"கரண்டுக்காரரக் கூப்புடுங்க. பட்டன் வரட்டும், பெட்டி வரும்."

"இது மேல இருந்து வந்த ஆர்டர்மா."

"மேல இருந்து எங்க வீட்டுக்கு மழத்தண்ணியும்தான் வருது. அதுக்காகக் குடிச்சுக்கிட்டா இருக்கோம். சட்டி வெச்சுப் புடிச்சு வெளிய ஊத்துறோம்."

"உங்க மேல நடவடிக்க எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுங்க. காரணத்த ஒழுங்காப் போடுங்க. பெட்டி மேல ஒக்காந்தா, அப்படின்னு. நாளைக்கு யாராச்சும் படிச்சா எனக்கும் சிரிப்பா இருக்கும்."

அரை விரல் அப்போது டார்கெட்டின் மூக்குக்கு நேராக இருந்தது. யாரும் கோஷம் போடவில்லை. எடுத்த கையை யாரும் திரும்ப வைக்கவும் இல்லை. பதினொரு பிரஸ் சும்மா நிற்கிற சத்தம் எந்தக் கோஷத்தையும்விடப் பெரியது, அதைக் கேட்கிற காது சூப்பர்வைசர்களுக்குத்தான் உண்டு. டார்கெட் கடிகாரத்தைப் பார்த்தார், ஆர்டரை நினைத்தார், எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டார். எலக்ட்ரீசியன் தயாராகத்தான் இருந்தார். மாட்டியதைவிட வேகமாகக் கழற்றினார். அக்காவிடம் மட்டும் முணுமுணுத்தாராம், "சொன்னதச் செஞ்சேன்க்கா." அக்கா சொன்னார், "சொன்னவரு வெரல எதுக்குப்பா காணோம் அந்த டைக்குள்ள."

இங்கே கதையை முடித்தால் நோட்டீஸுக்குப் பொருத்தமாக இருக்கும். கீழே பெரிய எழுத்தில் வெற்றி என்று போடலாம். ஆனால் டார்கெட் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார், தம்பி மனைவியைப் பார்த்து, நிதானமாக, இந்த முறை முன்னால் வந்து நின்று. "பட்டன் குடுத்தாச்சு. கணக்கு அதேதான். மணி அடிக்கும்போது ஆயிரம் இல்லன்னா என்கிட்ட வந்து நிக்காதீங்க."

விரல் பத்திரம். வேலை போச்சு. அரை மணி நேரம் வேறு பெட்டிமேல் உட்கார்ந்ததில் போய்விட்டது. அவள் பொத்தானை அமுக்க ஆரம்பித்தாள். டக், நிறுத்தம், டக். அண்ணியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள், பிரஸ்ஸிடம் அல்ல, நேராகவே: "உங்க வெரலு போனதுக்கு என் வேலைய எடுத்துட்டீங்க."

அக்கா தன் ஸ்டூலுக்குப் போனார். மாமனாரைத் தட்டி எழுப்பி ஓட்ட ஆரம்பித்தார். கீல் வந்து பெட்டியில் விழுகிற சத்தத்துக்கு இடைவெளி இல்லை. தண்ணீர் குடிக்க எழவில்லை. பொத்தானில் அவ்வளவு வேகம் உண்டு என்று மற்றவர்களுக்கு அன்றுதான் தெரிந்ததாம்.

மணி அடிக்கக் கொஞ்ச நேரம் முன்னால் எழுந்தார். தன் கீல் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பிரஸ்ஸிலும் அன்று ஒரே கீல்தான். முன்னால் போய் நின்றார். இந்த முறை தம்பி மனைவி கையை எடுத்தாள். அக்கா பெட்டியைச் சாய்த்து, தன் கீல்களை அவள் பெட்டியில் சளசளவென்று கொட்டினார். கண்ணாலேயே எடை போடுவது மாதிரி பார்த்துக்கொண்டு, போதும் என்று தோன்றிய இடத்தில் நிமிர்த்தினார்.

"அண்ணி..."

"மாப்பிள்ளை, வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு."

மணி அடித்தது. அங்கே கீலை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. பெட்டியை மின் தராசில் வைத்தால் எத்தனை என்று அதுவே காட்டும். டார்கெட் ஒவ்வொரு பெட்டியாக ஏற்றி இறக்கினார். புது மாப்பிள்ளையின் பெட்டியை ஏற்றியதும் தராசு ஆயிரத்தைத் தாண்டி நின்றது. அவர் தராசைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். லைனைப் பார்த்தார். லைனில் எல்லோரும் அவரவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிரந்தரப் பட்டியலுக்கு அவர் வாயால் சொன்ன கணக்கு, பத்துப் பேர் காதில் விழுந்த கணக்கு. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

கடைசியாக மாமனாரின் பெட்டி. தினமும் லைனில் அதிகம் இறக்குவது அந்தப் பெட்டிதான், தராசு காட்டுவதற்கு முன்பே அக்கா எண்ணைக் கத்திச் சொல்லி மற்றவர்கள் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொள்வார். டார்கெட் அதை ஒரு கையாலேயே தூக்கித் தராசில் வைத்தார். வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

அக்கா கையைத் துடைத்த துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேன்டீன் வரை கேட்கிற மாதிரி, எப்போதும் சொல்கிற அதே திமிரோடு சொன்னார்:

"நூத்தி அறுபத்தி மூணு."